திருகோணமலையில் ஒரு காணி வழக்கும் இரண்டு சட்டத்தரணி அலுவலகங்களும்: ஒரு வழக்காளியின் மதிப்பீடு

சாப்பாட்டுக் கடைக்கும் கைத்தொலைபேசிக்கும் நாலு வரி மதிப்பீடு எழுதத் தயங்காத நாங்கள், வாழ்நாளில் ஓரிரு தடவை மட்டும், அதுவும் பெருந்தொகை கொடுத்துப் பெறுகிற சட்டத்தரணி சேவையைப் பற்றி எழுதுவதே இல்லை. எழுதாவிட்டாலும் பேசுகிறோம். வழக்கு வென்றால் அவர் கெட்டிக்காரர். தோற்றால் எதிர்ப்பக்கத்திடம் காசு வாங்கிவிட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற எதையும் ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குப் பகுதியில் இருபத்தெட்டு வருடம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு காலம் கழித்தவள் என்பதால் என்னால் அளக்காமல் இருக்க முடியவில்லை. 2019 ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கி இன்றுவரை, ஒரே காணி வழக்குக்காக, திருகோணமலை நகரில் இரண்டு சட்டத்தரணி அலுவலகங்களின் படியேறியிருக்கிறேன். அந்த இரண்டையும் பற்றியதே இந்தக் குறிப்பு.

இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. முதலாவது அலுவலகத்தின் மீது எனக்குக் குறை உண்டு. இரண்டாவதன் பெயரை மட்டும் எழுதினால், முதலாவது எது என்று கண்டுபிடிக்க எங்கள் ஊருக்கு அரைமணி நேரம் போதும்.

வழக்கு, சாம்பல்தீவுப் பக்கத்தில் இருக்கும் 2 ஏக்கர் 1 றூட் 14 பேர்ச் தென்னங்காணியைப் பற்றியது. என் அம்மப்பா 1938 இல் உறுதி, அதாவது காணிப் பத்திரம், முடித்து வாங்கிய காணி. அவருடைய நாலு பிள்ளைகளும் அதைப் பிரிக்காமலே அனுபவித்து, பிரிக்காமலே இறந்துபோனார்கள். யுத்த காலத்தில் சீண்டுவாரற்றுக் கிடந்தது; 2004 கடல்கோளில் வேலியும் போயிற்று; 2009 க்குப் பின்னர் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் எழும்பத் தொடங்கியதும், அதுவரை அந்தக் காணி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்காதவர்களுக்கெல்லாம் அதன் ஞாபகம் வந்தது. கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் தன் பங்கை விற்கவேண்டும் என்றார். காணிக்குள் குடியிருந்த மைத்துனர் முழுக்காணியும் தனக்குத்தான் என்றார். எனக்கும் தம்பிக்கும் பிரித்துவிட்டால் நிம்மதி என்று பட்டது. ஆகவே 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடுவது என்று முடிவாயிற்று.

இவ்விடத்தில், கடலுக்கு அப்பாலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்காக ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. எங்கள் நாட்டில் குற்ற வழக்கின் முதற்படி நீதவான் நீதிமன்றம். காணி, கடன், விவாகரத்து போன்ற குடியியல் விடயங்களுக்கு மாவட்ட நீதிமன்றம். அதற்கு மேலே மேல் நீதிமன்றம். அதற்கும் மேலே கொழும்பு புதுக்கடையில் மேன்முறையீட்டு நீதிமன்றமும், நாட்டின் கடைசி வாசலான உயர் நீதிமன்றமும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்று அழைப்பது எங்களுக்கு மேல் நீதிமன்றம். அங்கே உச்ச நீதிமன்றம் என்பது எங்களுக்கு உயர் நீதிமன்றம். சென்னையில் இருக்கும் ஓர் உறவினருக்கு இதை விளக்கியே என் ஒரு மாத அழைப்புக் கட்டணம் போயிருக்கும். 

முதலாவது அலுவலகத்தை எங்களுக்குச் சொல்லித்தந்தவர் சித்தப்பா. சட்டத்தரணி நல்ல பேச்சாளர், நீதிமன்றத்தில் எழுந்து நின்றால் மண்டபமே அடங்கிவிடும் என்று சொன்னார். அது பொய்யல்ல, அவர் பேசியதைப் பிறகு நானே கேட்டிருக்கிறேன். ஆனால் பிரிவிடல் வழக்கு பேச்சில் ஓடுகிற வழக்கல்ல என்பது எனக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. அது முழுக்க முழுக்கத் தாளில் ஓடுவது. முதலில் முறைப்பாட்டோடு, அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவோடு, வம்சாவழி அட்டவணை போகவேண்டும். யாருக்கு யார் பிள்ளை, யாருடைய பங்கு யாருக்கு எந்த உறுதியால் போயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். அடுத்து, இந்தக் காணி மீது வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதைக் காணிப் பதிவகத்தில் பதியவேண்டும். பதிந்த பின்னர் சட்டத்தரணி ஒருவர், அந்தக் காணி தொடர்பான பதிவேட்டுப் பக்கங்களைத் தாமே நேரில் பார்வையிட்டதாகவும், அவற்றில் உரிமையுள்ளவர்களாகக் காணப்படுவோரின் பெயர்கள் இன்னின்ன என்றும் கையொப்பமிட்டு நீதிமன்றத்துக்குப் பிரகடனம் கொடுக்கவேண்டும். சட்டத்தின் 12 ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தாமே, நேரில். இந்த இரண்டு சொற்களின் விலையைத்தான் நாங்கள் பின்னர் கட்டினோம்.

அதற்கு முன் வந்தது சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலம். அதைத் தட்டச்சுச் செய்விக்கும் வேலையை அலுவலகம் எங்கள் தலையிலேயே போட்டது. தட்டச்சுக்காரர் ஒருவரின் முகவரியைத் தந்து, காசை அங்கேயே கொடுக்கச் சொன்னார்கள். வெற்றிலை போட்ட வாயோடு கணினிக்கு முன்னால் இருந்த அந்தப் பெரியவர், நாங்கள் கொண்டுபோன தாள்களை ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "பிள்ளை, உங்கட அம்மாவுக்குப் பேர் மூண்டோ?" பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் நாகம்மா, விவாகப் பதிவில் நாகம்மை, உறுதியில் நாகம்மாப்பிள்ளை. மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று வேறொரு சத்தியக்கடதாசி வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் இதையே பிடித்துத் தொங்கும் என்றார். அதையும் அவரே அடித்து, சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்க அனுப்பினார். தட்டச்சுக்கு அவர் வாங்கியது முந்நூற்றைம்பது ரூபா. சட்ட ஆலோசனைக்குத் தனியாக ஒன்றும் கேட்கவில்லை. இந்த மதிப்பீட்டில் முழுப் புள்ளியும் பெறுகிற ஒரே ஆள் அவர்தான்.

தவணை நாள் என்பது எப்படியிருக்கும் என்று வழக்குக்குப் போகாதவர்களுக்குச் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போவதுபோல நாங்கள் நல்ல சேலையுடுத்து ஒன்பது மணிக்கே போய் நிற்போம். வாசலில், ஊருக்குள் சுதந்திரமாகத் திரியும் புள்ளிமான்களில் இரண்டு, யாரோ வீசிய சாப்பாட்டுத் தாளை நிதானமாக மென்றுகொண்டு நிற்கும். அவற்றுக்கு மட்டும் அவசரமில்லை. அறிவித்தற் பலகையில் அன்றைய வழக்கிலக்கங்கள் இருக்கும். நீதிபதி ஆசனத்தில் அமர்ந்ததும் அழைப்பு வழக்குகளை முதலில் எடுப்பார்கள். விளக்கத்துக்கு, அதாவது சாட்சி விசாரணைக்கு, நியமித்தவை பின்னால் வரும். வழக்கிலக்கத்தைக் கூப்பிட்டு, தரப்பினர் பெயரைக் கூப்பிட்டு, எழுந்து நின்று, சட்டத்தரணி இரண்டு வசனம் சொல்லி, அடுத்த தவணைத் திகதி விழுந்து, நாங்கள் வெளியே வருவதற்கு மூன்று நிமிடம் பிடிக்கும். அந்த மூன்று நிமிடத்துக்காக ஒரு நாள் லீவு, ஓட்டோக் காசு, சட்டத்தரணிக்கு 3,500 ரூபா. திகதியைத் தவிர அந்த மூன்று நிமிடத்தில் என்ன நடந்தது என்பது எங்களுக்கு விளங்காது. நாங்கள் கேட்டால் லிகிதர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஒண்டும் இல்லை அக்கா, டேற் தந்திருக்கு."

ஒன்றும் இல்லாமல் திகதி கொடுப்பதில்லை என்பது பின்னாளில்தான் தெரிந்தது. வழக்கேட்டில் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட்பதிவு எழுதப்படுகிறது. இன்ன பிரதிவாதிக்கு அழைப்பாணை சேர்ப்பிக்கப்படவில்லை, நில அளவைக் கட்டணம் வைப்பிலிடப்படவில்லை, முகவரியைத் திருத்துக என்று யார் எதைச் செய்யவேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். விண்ணப்பித்து, உரிய கட்டணம் செலுத்தி, அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். எங்கள் வழக்கின் முதல் ஒன்றரை வருடப் பதிவுகளைப் பின்னர் எடுத்து வாசித்தபோது, அதில் ஐந்து தவணைகள் ஒரே காரணத்துக்காகப் போயிருப்பதைக் கண்டேன். நான்காம் பிரதிவாதியின் வீட்டிலக்கம் பிழை. நான்காம் பிரதிவாதி என் சொந்தச் சித்தியின் மகள். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறாள். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கக்கூடிய விடயத்துக்கு நாங்கள் ஐந்து தடவை நல்ல சேலை உடுத்தியிருக்கிறோம். 2020 இல் நோய்த்தொற்று முடக்கத்தால் போன தவணைகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது நாடு முழுவதற்கும் பொதுவான நட்டம்.

இனி அந்த 12 ஆம் பிரிவு விடயம். பூர்வாங்க நில அளவைக்காக நீதிமன்றம் ஆணை கொடுத்து, நில அளவையாளர் காணிக்கு வந்த நாள் 2021 இன் ஆரம்பம். முன்கூட்டியே அறிவித்திருந்ததால் உரித்துடையவர்கள் எல்லாரும் வந்திருந்தோம். மைத்துனரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, எந்தத் தென்னை தான் வைத்தது, எந்தக் கிணறு தான் வெட்டியது என்று காட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், மோட்டார் சைக்கிளில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன் வந்து இறங்கினான். கந்தளாயிலிருந்து வருவதாகச் சொன்னான். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய உறுதி ஒன்று. அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அம்மாவின் மூத்த சகோதரர், எங்கள் பெரிய மாமா, 1981 இல் தன் பிரிபடாத பங்கின் பாதியை, அதாவது முழுக்காணியில் எட்டிலொன்றை, அந்தப் பொடியனின் தாத்தாவுக்கு விற்றிருந்தார். சாட்சிக் கையொப்பங்கள் இரண்டு, நொத்தாரிசின் முத்திரை, காணிப் பதிவகத்தின் பதிவிலக்கம், எல்லாம் சரியாக இருந்தன. எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. காணியில் வழக்கு நடப்பதை அவன் பக்கத்துக் காணிக்காரரிடமிருந்து தற்செயலாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறான். நில அளவையாளர் எதையும் தீர்க்கவில்லை. அது அவர் வேலையுமல்ல. அவனுடைய பெயரையும் கோரிக்கையையும் தன் அறிக்கையில் குறித்துக்கொண்டு அளவையைத் தொடர்ந்தார். சண்டை வரும் என்று பயந்திருந்த தம்பி, கடைசியில் அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தான்.

அன்று பின்னேரமே நான் அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டைப் பார்த்ததாகக் கையொப்பமிட்ட பிரகடனம் ஏட்டில் இருக்கிறதே, அதில் இந்த உறுதி எப்படி விடுபட்டது என்று கேட்டேன். சட்டத்தரணி இல்லை. லிகிதர் சொன்னார்: "அக்கா, இது எல்லா வழக்கிலயும் நடக்கிறதுதான். நீங்கள் ஏன் பதறுறீங்கள்? ஆளைப் பிரதிவாதியாச் சேர்த்தாச் சரி." சேர்க்கலாம்தான். சேர்ப்பதற்கு முறைப்பாட்டைத் திருத்தவேண்டும், வம்சாவழியைத் திருத்தவேண்டும், புதிய பிரதிவாதிகளுக்கு அழைப்பாணை அனுப்பவேண்டும், அந்தத் தாத்தாவின் ஆறு பிள்ளைகளையும் தேடிப்பிடிக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தவணை, ஒவ்வொரு தவணைக்கும் 3,500. பின்னர் விளங்கியது இதுதான்: பல வருடங்களுக்கு முன்பு எங்கள் உறவினர் ஒருவர் வங்கிக் கடனுக்காக எடுத்த பதிவேட்டுச் சாரமொன்று எங்கள் கோப்பில் கிடந்திருக்கிறது, அதையே பார்த்து எழுதியிருக்கிறார்கள். அது பழைய ஏட்டின் பக்கம் மட்டும். தொடர்ச்சி வேறொரு தொகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. கணக்குப் பகுதியில் இதற்கு, முன்கொணர்ந்த மீதியைப் பாராமல் புதுப்பக்கம் தொடங்குவது என்று சொல்வோம். என்னிடம் வேலை பழகிய பிள்ளை எவளும் அதை இரண்டாம் தரம் செய்ததில்லை.

சட்டத்தரணியை மாற்றுவது கடையை மாற்றுவது போன்றதல்ல. நாங்கள் கையொப்பமிட்டுக் கொடுத்த பதிலாள் பத்திரம் ஏட்டில் இருக்கும்வரை அவர்தான் எங்கள் பதிவுசெய்த சட்டத்தரணி. அதை இரத்துச் செய்ய அவருக்கு அறிவித்தல் கொடுத்து, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, அதன் பிறகே புதியவரின் பத்திரத்தைத் தாக்கல் செய்யலாம். முழுவதும் எழுத்தில் நடக்கிற காரியம். முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு சட்டத்தரணி, மற்றவருடைய கட்சிக்காரரை இலேசில் எடுக்கமாட்டார். நான் போன மூன்று இடத்திலும், அவரோடு பேசிச் சுமுகமாகப் போங்கள் என்ற அறிவுரைதான் கிடைத்தது. தொழில் மரியாதை என்று அதற்குப் பெயர். கட்சிக்காரருக்கு அது மதில்.

நாலாவதாகப் போன இடம் எடுத்தது. இளம் பெண் சட்டத்தரணி. கோப்பை வைத்துவிட்டுப் போங்கள், வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதுவரை ஒருவரும் வாசிப்பதாகச் சொன்னதில்லை. ஒரு கிழமை கழித்துப் போனபோது மேசையில் எங்கள் கோப்பு பிரிந்து கிடந்தது; பக்கத்தில், அவர் காணிப் பதிவகத்துக்குத் தானே போய் எழுதிக்கொண்டு வந்த குறிப்பு. பொடியனின் உறுதி மட்டுமல்ல, 1996 இல் பதியப்பட்ட, ஏற்கெனவே மீட்கப்பட்டுவிட்ட ஓர் ஈட்டையும் (அடமானத்தையும்) கண்டுபிடித்திருந்தார். "அன்ரி, உங்கட மைத்துனர் பத்து வருச ஆட்சி எண்டு சொல்லுவார். அதுக்கு நீங்கள் பயப்பிட வேண்டாம்" என்று ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் எனக்கு விளங்கவைத்ததை முதல் அலுவலகம் ஒன்றரை வருடத்தில் சொல்லவில்லை. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் பத்து வருட எதிருடைமையால் உரித்து வரும் என்று சொல்வது உண்மை. ஆனால் கூட்டுரிமையாளர்களுக்குள் ஒருவர் குடியிருப்பது எல்லாருக்காகவும் குடியிருப்பதாகவே கொள்ளப்படும். மற்றவர்களைப் புறந்தள்ளித் தனக்கென்றே ஆண்டதை வெளிப்படையான செயலால் அவர் நிரூபிக்கவேண்டும். தென்னை வைத்ததும் கிணறு வெட்டியதும் அதற்குப் போதாது. அவற்றின் பெறுமதிக்கு நட்டஈடு கேட்கலாம். யுத்த காலத்தில் காணிக்குப் போகமுடியாதிருந்தவர்களுக்காக 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடொன்றைச் செய்தது என்பதையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். எங்கள் வழக்குக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஆனால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அது வேண்டியிருந்தது, அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இன்னொரு நல்ல காரியமும் செய்தார். மைத்துனர் எங்கள் பக்கத்து வேலியை நகர்த்தியபோது, பொலிஸில் போட்டு 66 எடுப்போம் என்று தம்பி குதித்தான். காணித் தகராறால் சமாதானம் குலையும் நிலை வந்தால், 1979 இன் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் பொலிஸார் நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுப்பதையே ஊரில் 66 என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் காணியுள்ள எவருக்கும் இந்த இலக்கம் தெரியும். அது யார் கையில் காணி இருந்தது என்பதைப் பார்க்குமே தவிர, உரித்து யாருக்கென்று தீர்க்காது. ஏற்கெனவே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு இருக்கும்போது இரண்டாவது வாசலில் காசு கரைக்கவேண்டாம் என்று மறித்துவிட்டார். வரும் பணத்தை வேண்டாமென்று சொன்ன சட்டத்தரணியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கட்டணத்தைப் பார்த்தால் இரண்டாவது அலுவலகமே விலை கூடியது. தவணைக்கு இவ்வளவு என்றில்லாமல், கட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். முறைப்பாட்டைத் திருத்தி எல்லாத் தரப்பையும் கொண்டுவரும்வரை ஒரு தொகை, விளக்கத்துக்கு ஒரு தொகை, பங்குகளைத் தீர்மானிக்கும் இடைக்காலத் தீர்ப்பாணைக்குப் பிறகு ஒரு தொகை. முதலில் கேட்டபோது நெஞ்சு திக்கென்றது. ஆனால் கூட்டிப் பார்த்தேன். தவணைக் கணக்கில் போனால், வழக்கு இழுபட இழுபட அலுவலகத்துக்கு வருமானம். கட்டக் கணக்கில் போனால், இழுபட்டால் அலுவலகத்துக்கே நட்டம். அதோடு, கொடுத்த ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வருகிறது. முதல் அலுவலகத்தில் பற்றுச்சீட்டுக் கேட்டபோது, நம்பிக்கை இல்லையா என்று கேட்டார்கள். இந்த நாட்டில் மீன்காரனிடம்கூட அந்தக் கேள்வி வராது.

விளக்கத்துக்கு மூத்த சட்டத்தரணி ஒருவரை வைத்துக்கொள்ளச் சொன்னதால் செலவு இன்னும் ஏறியது. அந்தக் காலத்தில் வழக்கைத் தயார் பண்ணுகிற பிறக்கிராசியும், எழுந்து வாதாடுகிற அப்புக்காத்தும் வேறு வேறு வகுப்பு. 1970 களில் சட்டம் இருவரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்துவிட்டது. சட்டத்தில்தான் ஒன்றானார்கள். நடைமுறையில் பதிவுசெய்த சட்டத்தரணிக்கு ஒரு கட்டணம், வாதாடுகிறவருக்கு இன்னொரு கட்டணம் என்ற கணக்கு இன்னும் மாறவில்லை. எங்களுடைய மூத்தவர் வேறு மாவட்டத்திலிருந்து வருகிறவர். இரண்டு தடவை வேறொரு மன்றத்தில் மாட்டிக்கொண்டு வராமலே இருந்தார், இரண்டு தடவையும் தவணை போயிற்று. இரண்டாவது அலுவலகத்தின் மீது எனக்குள்ள பெரிய குறை இது. சிறிய குறைகளும் உண்டு. அலுவலகம் பின்னேரம் ஐந்தரைக்குத்தான் திறக்கும். எட்டுக்குள் இருபது பேரைப் பார்க்கவேண்டும். படிக்கட்டில் நுளம்போடு இருந்து காத்திருப்பது கட்சிக்காரரின் பாடு. தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு தவணையன்றும் இரவு, அன்று ஏட்டில் என்ன எழுதப்பட்டது, அடுத்த திகதிக்கு முன் நாங்கள் செய்யவேண்டியது என்ன என்று மூன்று வரித் தமிழில் ஒரு குறுஞ்செய்தி வரும். அதற்காக நுளம்பை மன்னித்தேன்.

மொழி பற்றியும் ஒரு சொல். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நீதிமன்ற மொழி என்பது அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையில் வருகிறது. எங்கள் சாட்சியம் தமிழில்தான் பதிவானது. கந்தளாய்க் குடும்பத்துக்குத் தமிழ் ஓரளவே தெரியும். அவர்களுக்கு உரைபெயர்ப்பாளர் இருந்தார், அது அவர்களுடைய உரிமை. உறுதியைச் சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத் தமிழாக்கவேண்டியிருந்தது. இவ்வளவும் சிரமமின்றி நடந்தது. ஆனால் யாராவது மேன்முறையீடு செய்தால் மேலிடங்களில் வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஏட்டிலுள்ள முழுத் தமிழும் மொழிபெயர்ப்பாகவேண்டும், அந்த மொழிபெயர்ப்புக்கே தனியாக ஒரு காலம் எடுக்கும் என்று எங்கள் சட்டத்தரணி மிஸ் சொன்னார். மைத்துனரோடு அரைக் காற்பங்குக்காக முரண்டு பிடித்துக்கொண்டிருந்த தம்பி, அதைக் கேட்ட அன்றைக்கே இறங்கிவந்தான். 2024 இல் பங்குகளை ஒப்புக்கொண்டு இடைக்காலத் தீர்ப்பாணை ஆயிற்று.

யாருக்கு எதைச் சிபாரிசு செய்வேன் என்றால், சின்னக் கடன் தகராறு, அயலவர் வாய்ச்சண்டை போன்றவற்றுக்கு எந்த அலுவலகத்துக்கும் போகத் தேவையில்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. வார இறுதியில் கூடும், கட்டணம் இல்லை, சட்டத்தரணிமார் தோன்றவும் முடியாது. என் மச்சாள் சீட்டுக் காசு வாங்கியது அங்கேதான். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு 1978 இலிருந்து இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து எடுப்பார்கள். காணி வழக்குக்குப் போகிறவர்கள், சட்டத்தரணி எப்படிப் பேசுவார் என்று விசாரிக்கவேண்டாம். பதிவகத்துக்கு யார் போவார், தவணைக்கா கட்டத்துக்கா காசு, பற்றுச்சீட்டு உண்டா என்ற மூன்றையும் முதல்நாளே கேளுங்கள். சட்டத்தரணி மீது பெரிய முறைப்பாடு இருந்தால் சத்தியக்கடதாசியோடு உயர் நீதிமன்றத்துக்கு எழுதலாம், நான் எழுதவில்லை. என்னுடைய குறை களவு அல்ல, கவனயீனம். அதற்காகப் புதுக்கடைக்கு ஏறியிறங்க எனக்கு வயதுமில்லை.

இப்போது இறுதிப் பிரிவிடலுக்கான நில அளவை முடிந்து, கல்லுகள் நாட்டியாயிற்று. எங்களுக்கு வந்தது வீதியோரத் துண்டு. கந்தளாய்ப் பொடியனுக்கு வடக்கு மூலை. கிணறு மைத்துனரின் துண்டுக்குள் விழுந்திருக்கிறது. அதற்குப் போகும் பத்தடிப் பாதை படத்தில் இல்லையென்று கனடா அண்ணன் அற்றோணித் தத்துவக்காரர், அதாவது தன் சார்பில் செயற்பட எழுத்தில் அதிகாரம் கொடுத்தவர், மூலம் ஆட்சேபம் போட்டிருக்கிறார். அடுத்த தவணை வருகிற மாதம் பதினெட்டாம் திகதி. கடைசிக் கட்டத்துக்கான பற்றுச்சீட்டு ஏற்கெனவே என் கோப்பில் இருக்கிறது.